லாலான் போர்த்திய கத்தரித் தோட்டம்

லாபிஸ் ரயிலடியிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு வரும் செம்மண் சாலை இருக்கிறதே, அது நான் வெட்டியது. அந்தச் சாலைக்குக் கீழே தண்ணீர் ஓடும் மதகுகளும் நான் கட்டியவைதான். எத்தனை வெள்ளம் வந்தும் ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. ஆற்றங்கரையில் தொடங்கிக் குன்றின் உச்சி வரைக்கும் வரிசை பிசகாமல் நிற்கிற ரப்பர் மரங்கள் அத்தனைக்கும் முளைக்குச்சி அடித்தவன் நான். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக் கிணற்றில் பாறை குறுக்கிட்டு எல்லோரும் கைவிட்டபோது, நாலடி தள்ளித் தோண்டுங்கள் என்று சொல்லித் தண்ணீர் காட்டியவன் நான். மாரியம்மன் கோயில் கூரை கீற்றாக இருந்தது. தகரம் வேய்ந்தவன் நான். காய்ச்சலில் பாதிப் பேர் பாயில் கிடந்தார்கள், யானை வந்து கன்றுகளைப் பிடுங்கிப் போட்டது, அட்டை காலில் தொங்கியது. எதற்கும் வேலை நின்றதில்லை. நான் படித்த படிப்போ, மணலில் விரல் வைத்து எழுதிய கொஞ்ச நாள் படிப்பு. இந்த எழுத்தும் அதை வைத்துத்தான் ஓடுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

மேலே சொன்னதையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. சாலையைக் கேட்டால் என்னைக் காட்டுவார்கள். கிணற்றைக் கேட்டாலும் என்னைத்தான். லயத்துக்குப் பின்னால் சரிவு முழுவதும் பச்சையாக நிற்கிற காய்கறித் தோட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் வேறு ஆளுக்கு மாலை விழுகிறது. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. நான் நிரைக் கங்காணி. காட்டை அழித்து, நிரை பிடித்து, கன்று நடுகிற கூட்டத்துக்குத் தலைவன். விலை விழுந்தால் முதலில் நிற்பது புதுக் காடு வெட்டுகிற வேலை. புதுக் காடு நின்றால் எனக்கு என்ன வேலை? ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நின்ற எங்களிடம் ஆபீஸ் கணக்கர் கிராணியார் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“புதுக் காடு இனிமே கெடையாது. மத்த வேலையும் வாரத்துல பாதி நாளுதான். லயத்துக்குப் பின்னால ஆளுக்கு ஒரு துண்டு நெலம் துரை குடுக்கிறாரு. காய்கறி போட்டுப் பொழச்சுக்குங்க. திருவிழாவுக்கு முன்னாடி துரையே ஒரு சுத்து வந்து பாப்பாரு. நெலத்துல காய் இருக்கிறவங்க இங்க இருக்கலாம். இல்லாதவங்கள ஊருக்குக் கப்பலேத்திருவாங்க.”

எனக்குப் பக்கத்தில் நின்றவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பால்வெட்டுக்காரர், லயத்தில் எங்கள் அடுத்த வீடு. என் மனைவி வழியில் ஏதோ உறவு முறை சொல்லி என்னை மாமா என்று கூப்பிடுவார். வாய் சும்மா இருக்காத ஆள்.

“கப்பலுக்குக் காசு யாரு குடுப்பா, கிராணியாரே?”

“போறதுக்கு அவங்களே குடுப்பாங்க.”

“திரும்பி வர்றதுக்கு?”

“நீந்தி வா.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஒரே மகளைச் சிகாமட் பக்கத்தில் இன்னொரு எஸ்டேட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் முழுகாமல் இருந்தாள், தலைப்பிரசவம். கப்பல் ஏறினால் அவளையும் பார்க்க முடியாது, பிறக்கப்போகிற பிள்ளையையும் பார்க்க முடியாது. கடல் தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி அடுப்பை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

“நீங்க வேணும்னா ஏறுங்க. நான் எம்மவ வூட்டு வாசல்ல கெடந்துக்கிறேன்.”

“யாரு கப்பல் ஏறப் போறா? கத்தரிக்கா போடுறது ஒரு வேலையா? காட்டையே நேராக்குனவன் நானு.”

“காட்டை நேராக்குனீங்க சரி. கத்தரிச் செடிய எப்பத் தொட்டீங்க?”

அந்தக் கேள்வி நியாயமானதுதான். கப்பல் ஏறுவதற்கு முன்பு என் தகப்பனாரின் கிணற்றடித் தோட்டத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் என் கைபட்டு வளர்ந்தவை. இலையைத் திருப்பிப் பார்த்தே செடிக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்த மண்ணில் இறங்கிய நாளிலிருந்து, இருபது வருஷத்துக்கு மேல், நான் தொட்டதெல்லாம் ரப்பர் கன்று ஒன்றுதான். அப்போது எஸ்டேட்டில் ரப்பரைத் தவிரப் பச்சையாக முளைத்தது எல்லாம் களை. களையிலும் பெரிய எதிரி லாலான் புல். மேலே ஈட்டி மாதிரி நிற்கும், கீழே வேர் பூமிக்குள்ளேயே ஓடி ஓடி அடுத்த நிரையில் தலை நீட்டும். மரத்தடியில் ஒரு லாலான் கண்ணில் பட்டால் போதும், அந்தக் கங்காணிக்கு அன்றைய பேர் கிடையாது, கூலியும் கிடையாது. என் நிரைகளில் ஒரு தடவைகூட ஒரு தாள் லாலானைத் துரை கண்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்குக் கிடைத்த துண்டு நிலம் சரிவில் இருந்தது. இடுப்பளவு லாலான். மற்றவர்கள் அன்றைக்கே மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. முதலில் திட்டம். வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு குச்சியால் தரையில் கோடு கிழித்தேன். காலை வெயில் எந்தப் பக்கம், ரப்பர் மரத்து நிழல் எதுவரைக்கும் விழும், குளிக்கிற இடத்துத் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, எல்லாம் பார்த்துப் பார்த்து அழித்து அழித்துப் போட்டேன். என் மனைவியும் கிட்டே வந்து குந்தினாள்.

“கீரைய அடுப்படிப் பக்கம் வைங்க. ஒல கொதிக்கும்போதே ஓடிப்போய்ப் பறிச்சுக்கலாம்.”

“வச்சாச்சு.”

“பாகக்கொடிய வேலியில ஏத்துங்க. நடுவுல வச்சா நெழல் கட்டும்.”

“அதும் வச்சாச்சு. பாதி நெலம் கத்தரி. ஊதாக் கலர்ல தொங்குனா துரை கண்ணுக்கு ரோட்டுலருந்தே தெரியும்.”

“மவளுக்கு முருங்கைக் கீர வேணும். புள்ள பெத்தா பால் ஊறணும்ல.”

முருங்கைக்கும் ஒரு மூலையில் வட்டம் போட்டேன். வட்டத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். கப்பல் பேச்சு வந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். எனக்கும், உண்மையைச் சொன்னால், அந்த வெறுந்தரையிலேயே காய் தொங்குவது தெரிந்தது. அடுத்தவன் நிலத்துக்கே நிரை பிடித்த கை இது. எனக்கென்று ஒரு கோடு கிழித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு வேலை. லாலானை அடியோடு வெட்டினேன். மண்ணைக் கிளறி, வேரைத் துண்டு துண்டாகப் பொறுக்கித் தனியாகப் போட்டு எரித்தேன். வெட்டிய தாளை ஓரமாகப் போராகக் குவித்தேன், காய்ந்ததும் கொளுத்தலாம் என்று. நிலம் தலை மழித்த மாதிரி ஆயிற்று. மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கயிறு பிடித்து முளை அடித்தேன். முதல் முளைக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் மற்ற முளைகள் ஒன்றுகூடத் தெரியக்கூடாது, எல்லாம் அந்த ஒன்றுக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். நிரை என்றால் அதுதான். என் மனைவி மட்டும் முளைக்கு முளை நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“ஏங்க, ரெண்டு கத்தரிச் செடிக்கு நடுவுல மாட்டுவண்டியா ஓட்டப் போறீங்க?”

கைப்பழக்கத்தில் ரப்பருக்கு விடுகிற இடைவெளியில் பாதியை விட்டுவிட்டிருந்தேன். சரி என்று நெருக்கிப் போட்டேன். ஆனால் நேர் மட்டும் பிசகவில்லை. லயமே வந்து வேடிக்கை பார்த்தது. பால்வெட்டுக்காரர் முதல் முளைக்குப் பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“அலமாக்! மாமா, இது காய்கறித் தோட்டமா, ரப்பர் தோட்டமா? செடிக்குச் செடி பால் புடிக்க மங்கு கட்டிடவா?”

“கட்டுய்யா. ஓந்நெலத்துல மங்கு கட்டவும் ஒண்ணுமில்ல.”

“நம்ம நெலம் மலாய்க்காரங்க கம்பத்து நெலம் மாதிரி லா. எங்க வேணுமோ அங்க மொளைக்கும்.”

மண்ணெண்ணெய்த் தகரத்தை நீளவாக்கில் வெட்டி, அதில் மண்ணும் சாம்பலும் கலந்து நாற்று விட்டோம். நாற்று நாலு இலை விட்டதும் ஒரு சாயங்காலம் எடுத்து நட்டோம். மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது.

ஜோகூர் மழை எப்படி என்று ஜோகூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராகப் போட்ட நிரை ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால் ஆயிற்று. மேலே பிடித்துக்கொள்ள ஒரு புல் இல்லை. என் மண், என் சாம்பல், என் நாற்று எல்லாம் நிரை பிசகாமல் கீழே இறங்கிக் குளிக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ரப்பர் மரத்துக்கு வேர் ஆழம், அது நிற்கும். ஒரு சாண் நாற்று என்ன செய்யும்? மழை விட்டபோது என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாக்கடையில் மிதந்த நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. மற்றவர்கள் நிலமும் அரித்துத்தான் போயிருந்தது. ஆனால் அவர்கள் யாரும் என்னளவுக்குக் கூட்டம் கூட்டிக் காட்டவில்லையே.

நான் போய் அந்த லாலான் போரின் மேல் உட்கார்ந்தேன். கப்பல் தளத்தில் என் மனைவி சுருண்டு கிடப்பதுபோல் ஒரு நினைப்பு வந்தது. ஆத்திரத்தில் போரில் ஒரு பிடி பிடுங்கி எறிந்தேன், இன்னொரு பிடி, இன்னொரு பிடி. அடியில் மண் தெரிந்தது. கை நின்றுவிட்டது.

சரிவு முழுக்க மண் ஓடிவிட்டது. போருக்கு அடியில் மட்டும் ஒரு பொட்டு மண் நகரவில்லை. விரலை வைத்தேன், பொதபொதவென்று உள்ளே போயிற்று. மண்புழு நெளிந்தது. அவ்வளவு மழைக்கும் சேறாகவும் இல்லை, கட்டியாகவும் இல்லை. என் தகப்பனாரின் கிணற்றடி மண் மாதிரியே இருந்தது. யோசித்துப் பாருங்கள். என் வாழ்நாள் பூராவும் எந்தப் புல்லை வேரறுத்தேனோ, அந்தப் புல் செத்துக் கிடந்து என் மண்ணைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

“இந்தா, நாத்த வாடாம வையி!” என்று கத்தினேன். “மறுபடி நடுறோம்!”

முளைகள் அத்தனையையும் பிடுங்கினேன். இந்த முறை நிரையை மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போடவில்லை. சரிவுக்குக் குறுக்கே, குன்று எப்படி வளைகிறதோ அப்படியே வளைத்துப் போட்டேன். என் கை வளைந்த நிரை போட்டது அதுதான் முதல் தடவை. கண்ணுக்குக் கோணலாகத்தான் இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். நாற்றை நட்டு, செடிக்குச் செடி நடுவில் காய்ந்த லாலான் தாளைப் பாய் மாதிரி விரித்தேன். அதில் ஒரு துண்டு வேர்கூடக் கிடையாது. வேரைத்தான் முன்பே எரித்துவிட்டேனே.

பால்வெட்டுக்காரர் லயத்து வாசல்களில் எல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறார். “வந்து பாருங்க, நிரைக் கங்காணி லாலான் நடுறாரு!” அந்தச் சத்தம் ஆபீஸ் வரைக்கும் போய்க் கிராணியாரே வந்துவிட்டார். குடையின் நுனியால் தாளைக் குத்தினார்.

“என்ன கங்காணி இது? எஸ்டேட்டுல லாலான அழிக்கச் சொன்னா நீ மெத்த போட்டு வளக்கிறியா? துரை பாத்தா எனக்கில்ல கேள்வி வரும்? அவரு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் வாரிக் கொளுத்து.”

“இது செத்த புல்லுங்க, மொளைக்காது. தூக்கிப் பாருங்க, ஒரு வேரு இருந்தா எம்பேர வெட்டுங்க.”

“சொன்னதச் செய்யி.”

“செய்ய மாட்டேங்க. அடுத்த மழை வரைக்கும் விடுங்க. மண்ணு ஓடிப்போச்சுன்னா நானே கொளுத்துறேன். கொளுத்திட்டு நானே போயி எம்பேரக் கப்பலுக்குக் குடுத்துர்றேன்.”

என் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிராணியார் முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்ன ஆள் அந்த எஸ்டேட்டில் அதுவரை கிடையாது. அவர் போன பிறகு அவள் சொன்னாள், “கப்பலுக்கு உங்க பேர மட்டும் குடுங்க. எம்பேரச் சேக்காதீங்க.” சொல்லிவிட்டு அவளும் ஒரு கட்டு லாலானை எடுத்து வந்து வெண்டைக்குப் பக்கத்தில் விரித்தாள்.

அடுத்த மழை முதல் மழையைவிடப் பெரியது. ஆறு பெருகிச் சிகாமட் கடைத்தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது என்று சேதி வந்து, மகளை நினைத்து நாங்கள் தவித்த தவிப்பு வேறு. அவர்கள் எஸ்டேட் மேட்டில் இருந்ததால் பிழைத்தது. மழை விட்டதும் நான் தோட்டத்துக்கு ஓடவில்லை, நடந்துதான் போனேன். பார்க்கப் பயம். கிராணியார் எனக்கு முன்னாலேயே குடையோடு அங்கே நின்றிருந்தார். சுற்றிலும் மற்றவர்கள் நிலம் கோடு கோடாகக் கிழிந்து கிடந்தது. நடுவில் என் துண்டு மட்டும், போர்த்திக்கொண்டு தூங்குகிற பிள்ளை மாதிரி கிடந்தது. ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. கிராணியார் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

பால்வெட்டுக்காரர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

“மாமா, அந்தப் போருல கொஞ்சம் மிச்சம் இருக்குமா?”

“ஏன், மங்கு கட்டலையா?”

“அட, அத விடுங்க மாமா. எங்கூட்டுக்காரி காலையிலருந்து திட்டித் தீத்துட்டா.”

கொடுத்தேன். அவருக்கு மட்டுமா? நிரையை எப்படி வளைப்பது, வேரை எப்படிப் பிரித்துக் கொளுத்துவது, தாளைத் தண்டில் ஒட்டாமல் எப்படி விரிப்பது என்று வீடு வீடாகப் போய்க் காட்டினேன். கயிறும் என்னுடையது, முளையும் என்னுடையது. திருவிழாவுக்கு முன் அந்தச் சரிவில் லாலான் விரிக்காத துண்டு ஒன்றுகூட இல்லை.

துரை வந்தார். அவருக்கு எஸ்டேட் தமிழ் வரும். என் கத்தரிக்கு முன்னால் நின்று தடியால் தாளைப் புரட்டினார்.

“கங்காணி! லாலான் என்னா இங்கே?”

“செத்த லாலானுங்க, துரை. மழையில மண்ணு போவாது. வெயில்ல காயாது.”

அவர் குனிந்து ஒரு காயைப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை நிறைய இருந்தது. “நல்லா இருக்கு” என்றார். பிறகு கிராணியாரும் அவரும் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டே அடுத்த துண்டுக்குப் போனார்கள். துரை கிராணியாரின் தோளில் தட்டினார். எதற்குத் தட்டினார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் பெரட்டில் விளங்கியது. நம் லயத்தில் யாருக்கும் கப்பல் இல்லை என்று முதலில் சொன்னார்கள். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்து, கிராணியார் கண்டுபிடித்த லாலான் முறையை மற்ற டிவிஷன்களிலும் செய்ய வேண்டும் என்று துரை உத்தரவு. கிராணியார் கண்டுபிடித்தாராம்! பால்வெட்டுக்காரர் என் விலாவில் இடித்தார். கப்பல் இல்லை என்ற சொல் காதில் விழுந்த நேரம், அதற்குப் பக்கத்தில் வேறு எதையும் வைத்துச் சண்டை போடத் தோன்றவில்லை.

பேரப்பிள்ளை பிறந்த சேதி வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சிகாமட்டுக்கு ரயில் ஏறினோம். என் மனைவி மடியில் முருங்கைக் கீரை, என் தோளில் ஒரு சாக்குக் கத்தரிக்காய். வண்டியில் பக்கத்தில் இருந்தவர் இது எந்தச் சந்தையில் வாங்கியது என்று கேட்டார். சந்தை இல்லை, என் தோட்டம் என்றேன். லாபிஸிலிருந்து சிகாமட் வரைக்கும் அவருக்கு லாலான் விரிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனேன். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். லீவுக்கு வந்தால் தோட்டத்தில்தான் கிடை. முருங்கை கூரையைத் தாண்டிவிட்டது. ரப்பர் விலை ஏறிய பிறகும் ஒருவரும் தோட்டத்தை விடவில்லை. சரிவில் நின்று பார்த்தால் நான் வளைத்த நிரைதான் இன்றைக்கும் வளைந்து போகிறது. பக்கத்துத் துண்டு காலியானதால் அதையும் கேட்டு வாங்கியிருக்கிறேன். புடலைக்குப் பந்தல் எங்கே நிற்க வேண்டும் என்று வாசலில் மறுபடி கோடு கிழித்து வைத்திருக்கிறேன். என் மனைவி அதில் ஏற்கெனவே இரண்டு கோட்டை அழித்துவிட்டாள்.

போன திருவிழாவில் கிராணியாருக்கு மாலை போட்டு, நம் லயத்துக்குக் காய்கறித் தோட்டம் தந்த பெரியவர் என்று பேசினார்கள். அவருக்கு மாலை போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நிலம் துரை கொடுத்தது, உத்தரவைச் சொன்னது கிராணியார். ஆனால் கோயில் கமிட்டியாருக்கு இதை எழுத்தாகவே வைக்கிறேன். வரும் திருவிழாவில் ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லோர் காதிலும் விழும்படி ஒருவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நிரையை வளைத்தது நிரைக் கங்காணி. லாலானை விரித்தது நிரைக் கங்காணி. சாக்கடையில் போன நாற்றைப் பொறுக்கிக் காப்பாற்றியது அவன் மனைவி. நம்மில் ஒருவரும் கப்பல் ஏறாததற்கு அதுதான் காரணம். அப்படிச் சொல்லிவிட்டு அம்மனுக்குப் படைக்கிற முதல் கத்தரிக்காயை என் தோட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால், கேட்டு வராதீர்கள்.